காற்றுக்குப் பயந்த வீடு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைச் சண்டையில் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என் கற்பனையைப் பாராட்டி, நானும் பேசாமல் வாங்கிக்கொண்டு, வீணாக ஒரு பொய் சேர வேண்டாம்.

1963, கார்த்திகைக் கடைசி. ஆலங்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். எங்கோ ஒரு கண்மாய் உடைந்து ரோட்டை அறுத்துவிட்டது, பஸ் எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். சாரலுக்குப் பயந்து பத்துப் பேர் டீக்கடைக்குள் ஒண்டினோம். கடைக்காரர் நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டுக் கரியடுப்பையும் உள்ளே இழுத்து வைத்தார். கதகதப்பாக இருந்தது. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, யாரையும் கேட்காமல் தார்ப்பாயின் கட்டை அவிழ்த்துவிட்டாள்.

"ஏம்மா, ஒனக்கு என்ன கேடு? சாரல் அடிக்குதுல்ல?" என்றார் கடைக்காரர்.

"அடிக்கட்டும். நனைஞ்சா தொடச்சுக்கலாம். அடுப்ப வெளிய வையிங்க, இல்ல படுதாவத் தொறந்து வையிங்க."

பைத்தியம் என்று ஒருவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் போய் மழையிலேயே நின்றாள். வலது கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, தோல் சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தது. கூடையில் கருவாடு. பஸ் வந்தபோது அவளுக்குப் பக்கத்து இடம்தான் எனக்குக் கிடைத்தது.

என்ன வேலை என்று கேட்டாள். கதை எழுதுவதாகச் சொன்னேன்.

"நெறயாப் பேரு படிப்பாங்களா தம்பி?"

"படிப்பாங்க" என்றேன். (இது பெரிய பொய்.)

அதன் பிறகுதான் சொல்ல ஆரம்பித்தாள். பஸ் தண்ணீரில் ஊர்ந்து ஊர்ந்து போனதால் முழுக்கச் சொல்ல நேரம் கிடைத்தது. அவளைச் செவந்தி என்று அழைக்கிறேன்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்துக் கைவிட்டவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

"அழகியின் பிணம் சிரித்துக்கொண்டிருந்தது."

நல்ல வாக்கியம். ஒரு வாரப் பத்திரிகை என்னிடம் பேய்க்கதை ஒன்று கேட்டிருந்தது, அவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் அழகி (அது அவள் பெயர்) சிரிக்கவில்லை. உதடு சிவந்திருந்தது, அவ்வளவுதான். அந்தச் சிவப்பே ஒரு குடும்பத்தைச் சின்னாபின்னமாக்கியது. அதற்கு மேல் நான் ஒரு சிரிப்பையும் ஒட்டவைப்பது அக்கிரமம்.

"நெருப்பைக் கண்டறிந்த நாளிலிருந்து மனித குலம்"

இது கட்டுரைக்காரன் வாக்கியம். முடிக்கவில்லை.

"செவந்தி வாசலில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள்."

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

3

செவந்தி வாசலில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். புதுக்கோட்டைச் சமஸ்தானம் கலைந்து மூன்று வருஷம் ஆகியிருந்த ஒரு சித்திரை, உச்சி வெயில். திருவரங்குளத்துக்குக் கிழக்கே, கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் கொஞ்சம் கூரை வீடுகள் சேர்ந்த ஊர். புருஷன் உடையப்பன் கொல்லைக்குப் போயிருந்தார். மூன்று வயது மகள் கண்ணாத்தாள் உள்ளே தொட்டிலில் தூங்கினாள். அண்டாவின் கீழே பனைமட்டை எரிந்தது. காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்துத்தான் அடுப்பைக் கூட்டியிருந்தாள்.

காற்று திரும்பியது. சித்திரையில் கொல்லைகளில் கிளம்புமே, புழுதியைத் திருகித் தூக்கிக்கொண்டு ஓடுகிற சுழற்காற்று, அது ஒன்று வாசலுக்குள் நுழைந்து அடுப்புப் பொறியை அள்ளி ஓலைக் கூரைமேல் போட்டுவிட்டுப் போனது. அவள் அவித்த நெல்லைப் பாயில் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது கூரை முகப்பு புகைந்தது. அவள் வாசற்படியைத் தொடுவதற்குள் மூங்கில் இறங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதலாம். எழுதத் தெரியும். ஆனால் செவந்தி இதற்குக் கொடுத்தது இரண்டே வாக்கியம். "ஓடுனேன் தம்பி. கை வெந்ததுதான் மிச்சம்." அதற்கு மேல் நானும் எழுத மாட்டேன்.

ஊர் பேசியது. வாசலில் அடுப்பை மூட்டிவிட்டு யாரோடு வாயடித்துக்கொண்டு நின்றாள், பெற்றவளுக்குக் கண் எங்கே போயிற்று என்று பேசியது. சாம்பல் அள்ளி முடித்த அன்று, எல்லோரும் கூடியிருந்த இடத்தில் உடையப்பன் எழுந்து நின்றார்.

"காத்து பண்ணுன வேலைக்கு அவ என்னய்யா செய்வா? கையப் பாருங்க, அந்தக் கையப் பாத்துட்டுப் பேசுங்க. இனிமே யாராச்சும் அவளச் சொன்னா, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

பன்னிரண்டு வருஷம் கழித்து, பஸ் இரைச்சலில், செவந்தி இதை ஒரு சொல் தவறாமல் சொன்னாள். குரல்கூட அவருடையதுபோல மாறியது.

4

உடையப்பனைப் பற்றி எனக்குத் தீராத சந்தேகம்.

முதல் பிரதியில் அவரை "அவன்" என்று எழுதியிருந்தேன். ஒரு முரடனாக, பெண்டாட்டியை அடக்குகிறவனாக. அப்படி இருந்தால் கதை எளிது. நீங்களும் வெறுக்கலாம், நானும் வெறுக்கலாம். ஆனால் செவந்தி வழி நெடுக அவரை ஒரு தடவைகூட மரியாதை குறைத்துச் சொல்லவில்லை. "அவரு நல்ல மனுசருதான் தம்பி, அதான வேதனையே" என்றாள். பேனாவை எடுத்து எல்லா "அவனை"யும் அடித்துத் திருத்தினேன்.

அந்த நல்ல மனுசர் எரியாத வீடு ஒன்று கட்டினார். அவரே மண் பிசைந்து, ஆளோடு ஆளாகக் கல் சுமந்து கட்டினார். செங்கல் சுவர். மேலே ஓலை இல்லை, மூங்கில் இல்லை. பட்டியக் கல்லை வரிசையாகப் பாவி, இடுக்கெல்லாம் சுண்ணாம்புக் காரை பூசினார். சன்னல் முழ அகலம். சமையல் வீட்டுக்குள் கூடாது, முற்றத்தைத் தாண்டித் தனியாக ஓட்டுச் சாய்ப்பு. மண்ணெண்ணெய் டின் வாசலுக்கு வெளியே. மூலைக்கு ஒரு பானை மணல், ஒரு பானை தண்ணீர். பீடி பிடிக்கிற விருந்தாளி அதை வெளியே நசுக்கிவிட்டுத்தான் படி ஏறலாம்.

ஊர் சிரித்தது. ஒரு கோடையில் பக்கத்துத் தெருவில் வைக்கோல் போர் பற்றியபோது, சிரித்தவர்கள்தான் ஓடிவந்து அவர் வீட்டு மணல் பானைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நெருப்பு விஷயத்தில் அவர் செய்தது எதுவும் தப்பில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி வருவதைப் படித்துவிட்டு அவருடைய மணல் பானைகளையும் நீங்கள் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

ஆனால் அவர் பயந்தது நெருப்புக்கு மட்டுமில்லை. காற்றுக்கும். பொறியைத் தூக்கிக்கொண்டு வந்தது அதுதானே? காற்று நுழையாத வீட்டில் நெருப்பு பறக்காது என்று நம்பினார். சற்றே பலமாக ஒரு காற்று கிளம்பினால் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்துவார்.

அதன் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

5

1957, கார்த்திகை. உடையப்பனின் தங்கை அழகி தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பெண், உடையப்பன்தான் வளர்த்து வெள்ளைச்சாமிக்குக் கட்டிக் கொடுத்தார். வாய் ஓயாத பெண். பேச்சில் பாதி சிரிப்பு. அவள் வந்த பிறகுதான் அந்தக் கல்வீட்டில் மனிதச் சத்தம் கேட்டது என்று செவந்தி சொன்னாள்.

பெண் குழந்தை பிறந்தது. மாதம் முந்திப் பிறந்ததால் உள்ளங்கைக்குள் அடங்கியது. "கோழிக்குஞ்சு கணக்கா இருக்கு. சூடு விடாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி போனாள். அடைமழை. துணி காயவில்லை. கல்சுவர் வேறு சில்லென்று வியர்த்தது. குழந்தையின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்துச் செவந்தி புருஷனிடம் போய் நின்றாள்.

"உள்ள ஒரு சட்டியில கங்கு வைக்கணுங்க."

"நெருப்பா? வீட்டுக்குள்ளயா?"

"வெறகு இல்லங்க, கரி. நல்லாக் கனிஞ்ச கரியில பொகையே வராது. பொறியும் பறக்காது."

"காத்தடிச்சா பறக்கும்."

"புள்ள வெறைக்குதுங்க."

உடையப்பன் எழுந்தார். இரும்புச் சட்டியின் கீழே மணலைக் கொட்டிப் பரப்பினார். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்தார். பிறகு சன்னலைச் சாத்தி, பலகை இடுக்கில் சாக்கை மடித்துத் திணித்தார். கதவுக்குக் கீழே பழந்துணியை அடைத்தார். எல்லாம் முடித்து, உள்ளங்கையை இடுக்குகளுக்கு நேரே வைத்துப் பார்த்தார். துளிக் காற்றும் வரவில்லை. அப்புறம்தான் கங்கை எடுத்துவரச் சொன்னார்.*

* அடிக்குறிப்பு: விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும், ஆளை வெளியே துரத்தும். கரிக்கங்கு அந்த உபகாரத்தைச் செய்யாது. அதிலிருந்து வருகிற வாயுவுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை. அடைத்த அறையில் அது சேரச் சேர, ரத்தத்தில் நல்ல காற்று இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல். பிறகு கைகால் துவளும். பிறகு தூக்கம் வரும், அது தூக்கம் இல்லை. கதவையும் சன்னலையும் திறந்து ஆளை வெளியே இழுத்துப் போட வேண்டும். அதைவிட, சட்டியை உள்ளேயே வைக்காமல் இருக்க வேண்டும். அடிக்குறிப்புத்தானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். செவந்தியைக் கேட்டால் இதைத்தான் முதல் பக்கத்தில் போடச் சொல்வாள்.

6

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. கங்கு கொஞ்சம், ஆட்கள் போக வர இருந்ததால் கதவு திறந்து திறந்து மூடியது. மறுநாள் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. கரியைக் கூட்டிப் போட்டார்கள். கதவும் அடைந்தே கிடந்தது.

மத்தியானம் அழகி சொன்னாள்: "மதினி, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

செவந்திக்கும் தலை வலித்தது. தூக்கம் இல்லாத வலி என்று நினைத்தாள்.

அழகி முன்கட்டில் இருந்த அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, அந்தச் சாக்க எடுத்து விடுண்ணே. மூச்சு முட்டுது."

"காத்து என்னா போடு போடுது பாத்தியா? மழ விட்டதும் எடுக்குறேன் ஆத்தா. செத்த நேரம் கண்ண மூடிப் படு."

"சரிண்ணே."

அழகி கடைசியாகச் சொன்னது இதுதான். ஓயாமல் பேசிய பெண்ணுக்கு இன்னும் ஒரு வார்த்தையாவது கொடுக்க ஆசைப்பட்டேன். அவள் வேறு எதுவும் பேசவில்லை என்கிறாள் செவந்தி.

குழந்தை பால் குடிக்கவில்லை. தொட்டால் துவண்டது. வெந்நீரில் உடம்பைத் துடைத்தால் சரியாகும் என்று செவந்தி அதைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு முற்றத்தைக் கடந்து சமையல் சாய்ப்புக்குப் போனாள். முகத்தில் மழைத்துளி பட்டதும் குழந்தை வெடுக்கென்று உதறி அழுதது. சாய்ப்பில் ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று வந்துபோயிற்று. துடைத்து, சீனித்தண்ணீர் தொட்டு வைத்து, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தையின் குரல் தெளிந்துகொண்டே வந்தது. அவள் தலைவலியும் விட்டது. "அடுப்படிச் சூடுதான் சரியாக்குதுன்னு நெனச்சேன் தம்பி" என்றாள். மழை வலுத்தது. பச்சைப் பிள்ளையை நனைக்கக் கூடாது என்று அங்கேயே இருந்தாள்.

மழை குறைந்ததும் திரும்பினாள். கதவைத் தள்ளினால் அழகி பாயிலிருந்து பாதி இறங்கிக் குப்புறக் கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். ஒரு கை கதவுப் பக்கமாக நீண்டிருந்தது. அறை நடுவில் சட்டி, புகை இல்லாமல், அமைதியாகச் சிவந்திருந்தது.

அலறல் கேட்டு ஓடிவந்த உடையப்பன் முதலில் செய்த காரியம், குடத்துத் தண்ணீரைத் தூக்கிச் சட்டியில் ஊற்றியது. அவருக்குத் தெரிந்த ஆபத்து அது ஒன்றுதான். அப்புறம்தான் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஆத்தா, ஆத்தா" என்று கன்னத்தைத் தட்டினார். வெகுநேரம் தட்டினார்.

7

வெள்ளைச்சாமியின் தாய் காத்தாயி வந்து மருமகளின் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"உசுரு போயி இம்புட்டு நேரம் ஆச்சு, ஒதடு வெத்தல போட்ட கணக்காச் செவந்து கெடக்கு! நகக்கண்ணப் பாருங்க! என்னத்தடி குடுத்த?"

"காய மருந்துதான் குடுத்தேன் அத்தே. புள்ள பெத்தவளுக்கு எல்லாரும் குடுக்குற காயம்."

"அதுல என்னத்தக் கலந்த? ஒம் புள்ளைய நெருப்புல விட்டுட்டு, எம் பேத்திக்கு ஆசப்பட்டியா?"

போலீசுக்குச் சொல்லி, உடல் மாட்டுவண்டியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அறுத்துப் பார்த்த டாக்டர், சப்-இன்ஸ்பெக்டரையும் உடையப்பனையும் செவந்தியையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். கரியிலிருந்து வருவது ஒரு விஷவாயு. கார்பன் மோனாக்சைடு என்று பெயர். அதனால்தான் உதட்டில் அந்தச் சிவப்பு. யாரும் எதுவும் கொடுக்கவில்லை. "ஒரு சன்னல் திறந்திருந்தாலே பிழைச்சிருப்பாங்க" என்றார். அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். உடையப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

வராந்தாவில் நின்ற மாப்பிள்ளை வீட்டார் காதில் "விஷவாயு" விழுந்தது. வண்டி திருவரங்குளம் தாண்டுவதற்குள் "வாயு" வழியில் எங்கோ விழுந்துவிட்டது. "விஷம்" மட்டும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது.

8

போலீஸ் விபத்து என்று முடித்துவிட்டது. ஊர் முடிக்கவில்லை. இரண்டு ஊராரும் கூடினார்கள். பெரியவர் ரெங்கசாமி கேட்டார்.

"சர்க்கார் விட்டது சர்க்காரோட. நமக்குத் தெரியணும்ல? உள்ள என்னம்மா நடந்துச்சு?"

"கரிச் சட்டிங்க. அதுலேருந்து ஒரு வாயு வருமாம். டாக்டர் சொன்னாரு."

யாரோ சிரித்தார்கள். "கரி இல்லாத வீடு எது? எங்க வீட்டுலயுந்தான் புள்ள பெத்துக்கிட்டாளுக, சட்டி வச்சாளுக. எவ செத்தா?"

"கூரை வீட்டுல காத்து பூந்து வரும் போகுங்க. எங்க வீட்டுல சன்னல அடைச்சிருந்துச்சு."

"யாரு அடைச்சது?"

செவந்தி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். கூட்டமும் காத்திருந்தது. ஒரு மாடு கழுத்தை ஆட்டியதில் மணிச் சத்தம் கேட்டது.

"நாந்தான்" என்றாள்.

இப்போதாவது அவர் நிமிர்வார் என்று நினைத்தாள். அவர் நிமிரவில்லை.

காத்தாயி எழுந்தாள். "கேட்டுக்கங்க. சட்டி வச்சதும் இவ, சன்னல அடைச்சதும் இவ, காயம் குடுத்ததும் இவ. புள்ளைய மட்டும் முந்தியே வெளிய தூக்கிக்கிட்டு வந்துட்டா!"

அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் கரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நான் பஸ்ஸில் செவந்தியைக் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

"அவரு வாயத் தொறப்பாருன்னு பாத்தேன் தம்பி. மொத தடவ தொறந்தாருல்ல?"

(அந்த நிமிஷத்தில் உடையப்பனின் மனதுக்குள் போக முயன்றேன். எழுத்தாளனுக்கு அந்த உரிமை உண்டு. "தங்கையைக் கொன்றது என் கைதான் என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அப்புறம் அவர்" இதோடு நிறுத்திவிட்டேன். சொல்லாததால் அவர் பிழைத்தார் என்றும் முடிக்கலாம், செத்தார் என்றும் முடிக்கலாம். எனக்குத் தெரியாது.)

9

குழந்தையைக் காத்தாயி தூக்கிக்கொண்டு போனாள். செவந்தி கட்டுமாவடிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். உடையப்பன் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடற்கரைக் களத்தில் மீனை உப்பிட்டுக் காயவைக்கிற வேலை. ஆறு வருஷம் அப்படியே போயிற்று. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சந்தைக்கு வந்தால் குழந்தையைப் பற்றி விசாரிப்பாள். நடக்கிறாளாம், பேசுகிறாளாம், தாயைப் போலவே பேச்சாம்.

வெள்ளைச்சாமி மருதாயி என்ற பெண்ணை இரண்டாவதாகக் கட்டினான். கல்வீடும் கட்டினான். இந்தக் கார்த்திகை மழையில் மருதாயிக்குப் பிரசவம். கங்குச் சட்டி வைத்தார்கள். கதவையும் சன்னலையும் இறுக்கிச் சாத்தினார்கள். எதற்கு என்கிறீர்கள்? குளிருக்காக மட்டும் இல்லை. செத்துப்போன மூத்தாள் அழகி பேயாக நுழைந்துவிடக் கூடாது என்று.

காலையில் தாயும் பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் உதடுகளும் சிவந்திருந்தன.

அழகிதான் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று ஊர் முடிவு செய்தது. இன்னொன்றும் பேச ஆரம்பித்தது. அழகி வருவது அவள் பெற்ற பெண்ணைப் பார்க்கத்தானே? ரெண்டு ஆத்தாளை விழுங்கியவள். இந்தப் பெண் வீட்டில் இருக்கிற வரைக்கும் யார் தங்குவார்கள்?

செவந்திக்கு இதைச் சொன்னது உடையப்பன். ஆறு வருஷத்துக்குப் பிறகு கட்டுமாவடிக்கு வந்து, மீன் களத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"சட்டியா?" என்று கேட்டாள்.

"ம்."

"கதவு?"

"சாத்தித்தான் இருந்துச்சாம்."

"எழவுக்குப் போயிருந்தீங்களா?"

"போயிருந்தேன்."

"சொன்னீங்களா அவுங்ககிட்ட?"

அவர் குனிந்து, ஒரு மீனை எடுத்துப் புரட்டிப் போட்டார். பிறகு இன்னொன்றை. அவருக்குத் தெரியாத வேலை அது. "காரியம் வச்சிருக்காங்க. ஊரு கூடும்" என்று சொல்லி, அது எந்த நாள் என்றும் சொன்னார். அத்தோடு திரும்பிப் போய்விட்டார்.

அந்த நாள்தான் நான் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள்.

"சொல்லப் போறீங்களா?" என்றேன்.

"போறேன். சன்னல அடைச்சது நான் இல்லன்னு சொல்றதுக்கு இல்ல தம்பி. என்னைய என்னவேணா நெனச்சுக்கட்டும். நான் அன்னைக்கு ‘நாந்தான்’னு சொன்னனா, அவுங்க எல்லாரும் என்னையவே பாத்தாங்க. சட்டிய யாரும் பாக்கல. பாத்திருந்தா இந்த மருதாயி செத்திருக்க மாட்டா. அந்தச் சின்னப் பொண்ணும் ஒரு நாளு பெரிசாகும், பெத்துக்கும். அதுக்கும் இதே கதவத்தான சாத்துவாக?"

திருவரங்குளம் தாண்டி ஒரு பிரிவுப் பாதையில் இறங்கினாள். கூடையை வாங்கிக் கொடுத்தேன். கீழே நின்றபடி சொன்னாள்:

"எழுதுனா பேர மாத்திக்கங்க. ஊர மாத்திக்கங்க. கரிய மட்டும் மாத்திராதீங்க."

மாற்றவில்லை.

10

முடிவு.

ஒன்று: உடையப்பன் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவள் வாயைத் திறப்பதற்குள் எழுந்து, "அடைச்சது நான்" என்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. ஆறு வருஷம் வாய் மூடியிருந்த மனிதருக்கு நான் பேனாவால் வாயைத் திறந்துவிட்டால், அந்த ஆறு வருஷத்துக்கு என்ன அர்த்தம்?

இரண்டு: அவர் வரவில்லை. அவளை அடித்துத் துரத்துகிறார்கள். இது நடக்கக்கூடியதுதான். ஆனால் இதை எழுதிவிட்டால் நீங்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, கிராமத்து ஜனங்கள் அப்படித்தான் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

மூன்று: பத்திரிகை கேட்ட முடிவு. அழகியின் ஆவி கூட்டத்தில் ஒருத்தி மேல் இறங்கி உண்மையைச் சொல்லிவிடுகிறது. பணம் கொடுப்பார்கள், படமும் போடுவார்கள். உயிரோடு இருக்கிற ஒருத்தி சொன்னால் கேட்காதவர்கள் பேய் சொன்னால் கேட்பார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் மாட்டேன்.

ஆகையால் இப்படிச் செய்கிறேன். அது வெள்ளைச்சாமியின் வீட்டு வாசல். தென்னங்கீற்றுப் பந்தல், மேலே தூறல். ஆண்கள் ஒரு பக்கம் பெஞ்சிலும் தரையிலும், பெண்கள் படி ஓரமாக. உங்களுக்கும் ஒரு இடம் போட்டிருக்கிறேன், நடுவில், எல்லாம் தெரிகிற மாதிரி. உடையப்பன் வந்திருக்கிறாரா இல்லையா என்று நான் சொல்லப் போவதில்லை. வேண்டுமானால் நீங்களே திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பெண் ஒன்று யாருமே பக்கத்தில் சேர்க்காமல் தனியாக வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது.

செவந்தி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அன்னைக்குச் சன்னல அடைச்சது யாருங்கறது கெடக்கட்டுங்க. இன்னைக்கு நெசத்தச் சொல்ல வந்திருக்கேன். இது பேயில்ல. கரி."

காத்தாயி எழுந்துவிட்டாள். "அவள வெளிய தள்ளுங்கய்யா" என்கிறாள். இரண்டு ஆண்கள் எழுந்து துண்டை உதறுகிறார்கள்.

"இருங்கய்யா, அந்தப் பொம்பள என்னதான் சொல்லுதுன்னு கேப்போம்" என்று இந்த நேரத்தில் யாராவது ஒருவர் சொன்னால் போதும். என்னால் முடியாது. நான் ஆலங்குடிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

பந்தலில் இருப்பது நீங்கள்தான்.